கையெழுத்தில்லாத டெலிவரி நோட்டுக்குப் பணம் போடலாமா? டர்பன் கணக்கு எழுத்தர் ஒருவரின் கேள்வி

டர்பன்_எழுத்தர்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், மாணவர் விடுதிகளுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் சமையல் செய்து தரும் ஒரு டர்பன் நிறுவனத்தில், சப்ளையர்களின் கணக்கைப் பார்க்கும் கிரெடிட்டர்ஸ் கிளார்க்காக இவ்வாண்டு சேர்ந்திருக்கிறேன். நாம் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து இறங்கியதற்கு ஸ்டோர் தரும் ரசீதான ஜி.ஆர்.என்., சப்ளையர் அனுப்பும் இன்வாய்ஸ் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போட வேண்டும் என்பதே எனக்கு முதலில் சொல்லித் தரப்பட்டது. ஆனால் மாதக் கடைசிப் பட்டுவாடா நெருங்கும் நாட்களில், ஸ்டோரில் யாருமே கையெழுத்திடாத டெலிவரி நோட்டுகளோடு இன்வாய்ஸ்கள் என் மேசைக்கு வருகின்றன. "சரக்கு வந்ததை நானே பார்த்தேன், போட்டுவிடு" என்று ஸ்டோர் மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்கிறார். அதை ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்.

இப்போது என்னிடம் நிற்கும் இன்வாய்ஸ் கூடுதல் சங்கடத்தைத் தருகிறது. அதை அனுப்பியவர் எங்கள் கோயிலில் காவடித் திருவிழாவின்போது முன்னின்று வேலை செய்யும் பெரியவர். சிறு வயதிலிருந்து அவரை மாமா என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். பணம் ஏன் வரவில்லை என்று என் தந்தையிடமே கேட்டுவிட்டார். 40 மூட்டைப் பருப்பு, மூட்டை 620 ராண்ட்; 12 டின் நெய், டின் 450 ராண்ட்; மொத்தத்தின் மீது 15 விழுக்காடு வாட் (மதிப்புக் கூட்டு வரி) சேர்த்து 34,730 ராண்ட் என்பது அவருடைய இன்வாய்ஸ். ஆர்டரிலும் இதே அளவும் விலையும்தான் உள்ளன. ஜி.ஆர்.என். மட்டும் இல்லை. நான் செய்வது முறையான தடுப்பா, அல்லது கொடுத்த சரக்குக்குக் காசு கேட்கும் ஒருவரை வீணாக அலைக்கழிப்பதா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மெர்பேங்க்_கணக்கு:

தம்பி, நீங்கள் நிறுத்தி வைத்தது முறைதான். ஆனால் ஜி.ஆர்.என். இல்லை என்பதோடு நிற்காமல், அந்த இன்வாய்ஸை மறுபடி ஒரு முறை பாருங்கள். கையெழுத்தைவிடப் பெரிய குறை அதிலேயே இருக்கிறது.

நம் நாட்டில் அரிசி, உலர்ந்த பருப்பு வகைகள், முட்டை, பால், பழுப்பு ரொட்டி முதலிய அடிப்படை உணவுப் பொருள்களுக்கு வாட் சுழிய விழுக்காடு. நெய்க்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு 15 விழுக்காடு உண்டு. உங்கள் மாமா இரண்டையும் கூட்டி 30,200 ராண்டின் மீது 4,530 ராண்ட் வாட் போட்டிருக்கிறார். நெய்யின் விலையான 5,400 ராண்டுக்கு மட்டும் கணக்கிட்டால் வர வேண்டிய வாட் 810 ராண்ட். ஆக, 3,720 ராண்ட் கூடுதலாகக் கேட்கப்பட்டிருக்கிறது. இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. விற்பனை மென்பொருளில் ஒரு பொருளுக்கு வரிக் குறியீட்டைத் தவறாக வைத்துவிட்டால் அது ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அப்படியே வந்துகொண்டிருக்கும். "எப்படியும் உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறப்போகிறோம், என்ன நட்டம்" என்று உங்கள் அலுவலகத்தில் யாரேனும் சொல்லக்கூடும். வாங்கும்போது கொடுத்த வாட்டை, நாம் அரசுக்குக் கட்ட வேண்டிய வாட்டிலிருந்து கழித்துக்கொள்வதைத்தான் உள்ளீட்டு வரி என்கிறார்கள். சுழிய விழுக்காட்டுப் பொருளுக்குத் தவறாக வசூலிக்கப்பட்ட வரியை நீங்கள் கழித்துக்கொண்டால், நாட்டின் வருவாய்த் துறையான சார்ஸின் தணிக்கையில் அதை மறுக்க இடமுண்டு. அப்போது வட்டியோடும் அபராதத்தோடும் கட்டப்போவது உங்கள் நிறுவனம்.

அடுத்து, தாளின் மேற்பகுதியைப் பாருங்கள். 5,000 ராண்டுக்கு மேற்பட்ட இன்வாய்ஸ் என்றால், சப்ளையரின் பெயர், முகவரி, வாட் பதிவெண்ணோடு, வாங்குபவரான உங்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, வாட் பதிவெண்ணும் இருக்க வேண்டும். வரிசை எண், தேதி, பொருளின் விவரம், அளவு, விலை, வரி ஆகியவையும் வேண்டும். வாட் பதிவெண் 10 இலக்கம் கொண்டது, 4 என்ற எண்ணில் தொடங்கும். அது உண்மையான எண்தானா என்பதை சார்ஸ் இணையதளத்திலேயே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் எது குறைந்தாலும் உள்ளீட்டு வரியைக் கோர முடியாது.

இன்னொன்று. இன்வாய்ஸில் பேனாவால் எண்ணை அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டுப் பணம் போடும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். தவறான தொகைக்குச் சப்ளையர் கிரெடிட் நோட், அதாவது அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளும் தாள், தர வேண்டும். இன்வாய்ஸும் கிரெடிட் நோட்டும் சேர்ந்தே கோப்பில் இருக்க வேண்டும்.

சாட்ஸ்வர்த்_வணிகர்:

மெர்பேங்க் அக்கா சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

என்னைப் போன்ற சிறு வணிகர்கள் பருப்பையும் அரிசியையும் மொத்த வியாபாரியிடம் ரொக்கத்துக்கோ ஏழு நாள் தவணைக்கோ எடுக்கிறோம். உங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு முப்பது நாள் கடனுக்குக் கொடுக்கிறோம். இடைப்பட்ட நாட்களை எங்கள் சொந்தக் காசு தாங்குகிறது. இதில் கணக்கு எழுத்தர் ஒருவர் குறையைக் கண்டுபிடிப்பது எங்களை வருத்துவதில்லை. அந்தக் குறையை இருபத்தொன்பதாம் நாளில் கண்டுபிடிப்பதுதான் எங்களைக் கொல்கிறது. இன்வாய்ஸ் வந்த அன்றோ மறுநாளோ "உங்கள் வாட் கணக்கு தவறு, கிரெடிட் நோட் அனுப்புங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் வந்திருந்தால், மதியத்துக்குள் அனுப்பியிருப்போம். அதைவிட்டு, பட்டுவாடா முடிந்த பிறகு நாங்களே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கும்போது "அது குவெரியில் இருக்கிறது", அதாவது சந்தேகம் தீரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறோம், என்று சொல்கிறார்கள். அடுத்த பட்டுவாடா அடுத்த மாதக் கடைசியில். அதற்குள் என் டிரைவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வண்டிக்கு டீசல் போட வேண்டும்.

ஜி.ஆர்.என். இல்லாதது யாருடைய குறை? சரக்கை இறக்கிக்கொண்ட உங்கள் ஸ்டோருடைய குறை. அதற்கு ஏன் சப்ளையர் காத்திருக்க வேண்டும்? தம்பி, உங்கள் மாமா உங்கள் தந்தையிடம் பேசியது முறையல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுவலகத்தில் கேட்டபோது அவருக்கு ஒழுங்கான பதில் கிடைத்ததா என்பதையும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

மாரிட்ஸ்பர்க்_அரசுப்பணி:

வணிகர் ஐயாவின் ஆதங்கம் நியாயமானது. நான் மாகாண அரசுத் துறை ஒன்றில் பட்டுவாடாப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இது விருப்பு வெறுப்பைப் பொறுத்த விஷயமே இல்லை, சட்டம். 1999ஆம் ஆண்டின் பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த கருவூல விதி 8.2.3இன்படி, இன்வாய்ஸ் கிடைத்த 30 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். நகராட்சிகளுக்கும் 2003ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தில் இதே 30 நாள் வரையறை உள்ளது. தாமதத்தால் வட்டி கட்ட நேர்ந்தால், அந்த வட்டி பயனற்ற வீண் செலவாகக் கணக்கில் பதியப்பட்டு விளக்கம் கேட்கப்படும். இவ்வளவு இருந்தும் அரசு தாமதமாகத்தான் பணம் தருகிறது என்பதை மறைக்க நான் முயலவில்லை.

ஆனால் தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு பழக்கம் இருக்கிறது. இன்வாய்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்ததும் தேதி முத்திரை விழ வேண்டும், பதிவேட்டில் ஏற வேண்டும். அது கிடைத்தது எந்த நாள், குவெரி எழுந்தது எந்த நாள், எந்த மேசையில் எத்தனை நாள் இருந்தது என்பவை பதிவேட்டிலேயே தெரிய வேண்டும். அப்போதுதான் ஸ்டோர் செய்த தாமதத்துக்குக் கணக்கு எழுத்தர் பழி சுமக்க மாட்டார்.

ஒன்றில் மட்டும் நான் வணிகர் ஐயாவோடு உடன்பட மாட்டேன். ஜி.ஆர்.என். இல்லாதது ஸ்டோரின் குறைதான், ஆனாலும் அது இல்லாமல் பணம் போட முடியாது. எங்களுக்கு நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஒதுக்கிய பணம் கைவிட்டுப் போய்விடுமே என்ற பதைப்பில், மார்ச் கடைசி வாரத்தில் வராத சரக்குக்கும் இன்வாய்ஸ் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு தேவை இருந்தாலொழிய, சரக்கோ சேவையோ கிடைக்கும் முன் பணம் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று கருவூல விதிகள் சொல்கின்றன. ஏப்ரலில் வந்துவிடும் என்று நம்பி மார்ச்சில் கையெழுத்திட்டவரிடம், வராதபோது பேச்சுக்குக்கூட ஒரு ஆதாரம் இருக்காது. அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஒவ்வொரு அலுவலரும் தம் பொறுப்புக்கு உட்பட்ட அளவில் முறையற்ற செலவைத் தடுக்க வேண்டும் என்கிறது. அதாவது தலைமை நிதி அலுவலருக்கு மட்டுமல்ல, என் போன்ற எழுத்தருக்கும் அந்தக் கடமை உண்டு.

டர்பன்_எழுத்தர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. மெர்பேங்க் அக்கா சொன்னபடி வாட் கணக்கை மாமாவுக்கு எழுத்தில் அனுப்பினேன். வணிகர் ஐயா சொன்னது மனத்தில் இருந்ததால், மின்னஞ்சலோடு விடாமல் நானே அவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்த இரண்டு குறைகளைச் சரிசெய்தால் இந்தப் பட்டுவாடாவிலேயே பணம் வரும் என்பதையும் விளக்கினேன்.

பிறகு ஸ்டோருக்குப் போய், மேலாளர் முன்னிலையிலேயே இருப்பை எண்ணச் சொன்னோம். வழங்கல் பதிவேட்டில் சமையலறைக்குக் கொடுத்ததாக உள்ளவற்றையும் இருப்பையும் கூட்டினால் வந்தவை 38 மூட்டைகள். டிரைவர் வைத்திருந்த டெலிவரி நோட்டின் பிரதியில் "2 மூட்டை பின்னர் வரும்" என்று பென்சிலால் எழுதியிருந்ததாம். எங்கள் பிரதியில் அது இல்லை. ஜி.ஆர்.என். இப்போது 38க்குப் போடப்பட்டிருக்கிறது. கிரெடிட் நோட் வந்த பிறகு கொடுக்க வேண்டிய தொகை, பருப்புக்கு 23,560, நெய்க்கு 5,400, வாட் 810, ஆக 29,770 ராண்ட். முதலில் கேட்டதற்கும் இதற்கும் 4,960 ராண்ட் வேறுபாடு.

இது நடந்துகொண்டிருக்கும்போதே வேறு இரண்டு விஷயங்கள் எழுந்தன. முதலாவது, புதிய குளிர்பதனப் பெட்டிகள் வாங்குவதற்கான ஆர்டரை மூன்றாகப் பிரித்துப் போடும்படி கொள்முதல் பிரிவில் சொல்கிறார்கள். ஒரே ஆர்டராகப் போட்டால் இயக்குநரின் ஒப்புதலும் மூன்று விலைப்புள்ளிகளும் வேண்டுமாம்; பிரித்தால் பிரிவு மேலாளரின் கையெழுத்தே போதுமாம். இரண்டாவது, நாங்கள் நெடுங்காலமாக வாங்கும் காய்கறிச் சப்ளையர் ஒருவரிடமிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. லெட்டர்ஹெட், வங்கியின் உறுதிக் கடிதம் எல்லாம் இணைக்கப்பட்டுள்ளன. இவற்றை எப்படிக் கையாள்வது?

ஜோபர்க்_தணிக்கை:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சற்று நீளமாக எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு மிக முக்கியமான விஷயம்.

தேவை ஒன்றாக இருக்கும்போது ஆர்டரைப் பலவாகப் பிரிப்பது, ஒப்புதல் வரம்புக்குக் கீழே ஒளிந்துகொள்வதற்காகத்தான். அரசுத் துறைகளில் இது வெளிப்படையாகவே தடை செய்யப்பட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அங்கே 10 லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட கொள்முதலுக்குப் போட்டி ஏலம் வேண்டும். அதற்குக் கீழே, 2,000 ராண்டுக்கு மேல், எழுத்துபூர்வமான விலைப்புள்ளிகள் போதும். அதற்கு முன்பு ஏலத்துக்கான வரம்பு 5 லட்சம் ராண்டாக இருந்தது. தனியார் நிறுவனத்துக்கு அந்த வரம்புகள் பொருந்தாது என்றாலும், உங்கள் நிறுவனமே வகுத்துக்கொண்ட ஒப்புதல் வரம்பு உங்களுக்குச் சட்டம் மாதிரிதான்.

காவுடெங் மாகாணச் சுகாதாரத் துறையில் பொறுப்புத் தலைமை நிதி அலுவலராக இருந்த பபிதா தியோகரனை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தெம்பிசா மருத்துவமனையிலிருந்து போன சந்தேகத்துக்கிடமான பட்டுவாடாக்களை அவர் கேள்விக்கு உட்படுத்தினார். 2021 ஆகஸ்ட் 23 அன்று, ஜோகன்னஸ்பர்க்கின் தெற்குப் பகுதியில், மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவரை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். சுட்ட வழக்கில் ஆறு பேர் 2023இல் தண்டிக்கப்பட்டனர். அந்த மருத்துவமனையின் கொள்முதல்களில் வெளிவந்த முறை என்ன தெரியுமா? ஆர்டருக்கு ஆர்டர் 5 லட்சம் ராண்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் தொகைகள். ஏலத்துக்குப் போகாமல் மூன்று விலைப்புள்ளிகளோடு முடிந்துவிடுபவை. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எந்தத் தாளிலும் குறை தெரியாது. வரிசையாக அடுக்கிப் பார்க்கும் ஒருவருக்குத்தான் அது தென்படும். அந்த வரிசை நாள்தோறும் நம் மேசை வழியாகத்தான் போகிறது.

உங்கள் குளிர்பதனப் பெட்டி விவகாரத்தை இதோடு ஒப்பிட நான் முனையவில்லை. அங்கே அவசரமும் சோம்பலும் மட்டுமே காரணமாக இருக்கலாம். ஆகவே யார்மீதும் குற்றம் சாட்டாமல், "இம்மூன்று ஆர்டர்களும் ஒரே சப்ளையருக்கு, ஒரே தேதியில், ஒரே பொருளுக்குப் போடப்படுவதால், ஒப்புதல் எந்த நிலையில் பெறப்பட வேண்டும் என்பதை உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்" என்று நிதி மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்குப் பதில் வரும்வரை ஆர்டரைப் பதிய வேண்டாம். அழுத்தம் மிகுந்தால், முறைகேட்டை உரிய இடத்தில் தெரிவிக்கும் ஊழியரைக் காப்பதற்கு 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல்கள் சட்டம் இருக்கிறது. அது தனியார் ஊழியருக்கும் பொருந்தும். தாளில் அந்தச் சட்டம் தரும் காப்பும், பபிதா அவர்களுக்கு வாழ்வில் கிடைத்த காப்பும் ஒன்றாக இல்லை என்பது என்னைப் போன்றவர்களை இன்றும் வாட்டுகிறது.

மெர்பேங்க்_கணக்கு:

வங்கிக் கணக்கு மாற்றத்துக்கு வருகிறேன். தம்பி, அந்த மின்னஞ்சலில் இருக்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்காதீர்கள். உங்கள் கோப்பில் பழைய சப்ளையர் படிவம் இருக்கும். அதில் உள்ள எண்ணுக்கு அழைத்து, நீங்கள் வழக்கமாகப் பேசும் நபரிடமே கேளுங்கள். பிறகு வங்கியின் கணக்குச் சரிபார்ப்புச் சேவை மூலம், புதிய கணக்கு எண்ணும் நிறுவனத்தின் பதிவெண்ணும் ஒருவருக்கே உரியவையா என்று பாருங்கள். லெட்டர்ஹெட்டையும் வங்கிக் கடிதத்தையும் இன்று எவரும் உருவாக்கிவிடலாம். மாற்றத்தைக் கணினியில் பதிபவர் ஒருவராகவும், ஒப்புதல் தருபவர் வேறொருவராகவும் இருக்க வேண்டும். பதிந்த கையே பணத்தையும் விடுவிக்கக் கூடாது.

2020 டிசம்பர் 31க்குப் பிறகு நம் நாட்டில் காசோலையே இல்லை. எல்லாம் இ.எஃப்.டி. எனும் மின்னணுப் பணப் பரிமாற்றம் ஆகிவிட்டதால், தவறான கணக்குக்குப் போன பணத்தை நிறுத்த நமக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வீடு வாங்கிய ஒருவர், இடைமறித்து மாற்றப்பட்ட மின்னஞ்சலை நம்பி 55 லட்சம் ராண்டை மோசடிக்காரரின் கணக்கில் செலுத்திவிட்ட வழக்கில், 2024 ஜூனில் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம், விற்பனையைக் கையாண்ட வழக்கறிஞர் நிறுவனம் அந்த நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. பணம் செலுத்துபவர் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அதில் எடைபோடப்பட்ட ஒன்று. உங்கள் நிறுவனம் தவறான கணக்கில் போட்டுவிட்டால், காய்கறிச் சப்ளையருக்குத் தர வேண்டிய கடன் அப்படியேதான் இருக்கும். இரண்டாம் முறை கொடுக்க வேண்டிவரும்.

சாட்ஸ்வர்த்_வணிகர்:

மாமாவுக்கு நீங்களே தொலைபேசியில் அழைத்துச் சொன்னீர்கள் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது, தம்பி. எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அரசுப்பணி நண்பர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். ஜி.ஆர்.என். இல்லாமல் பணம் போட முடியாது என்பதை ஏற்கிறேன். அந்த இரண்டு மூட்டை விவரமே அதற்குப் போதுமான சான்று. ஆனால் சப்ளையர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும் என்று இங்கே எழுதாமல் போனால் ஒருதலையாகிவிடும். என் டிரைவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தும் பெயரும் தேதியும் மூன்றும் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. சரக்கு குறைவாக இருந்தால் இரு பிரதியிலும் பேனாவால் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அதற்காக ஸ்டோர் வாசலில் அரை மணி நேரம் நிற்க நேர்ந்தாலும் பரவாயில்லை. பிறகு ஒரு மாதம் காத்திருப்பதைவிட அது நல்லது.

இன்னொரு வேண்டுகோள். 2025இல் வாட் மே 1 முதல் 15.5 ஆகும் என்று அறிவித்து, ஏப்ரல் 24 அன்று அதைக் கைவிட்டார்கள் அல்லவா? அதற்குள் மென்பொருளை மாற்றி வைத்துவிட்ட சிறு வணிகர்கள் இருந்தார்கள். அப்போது கணக்கு எழுத்தர்கள் சிலர், "விகிதத்தை ஒரு முறை பார்த்து அனுப்புங்கள்" என்று முன்கூட்டியே எல்லாச் சப்ளையருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். அந்த ஒரு மின்னஞ்சலால் எத்தனை கிரெடிட் நோட்டுகள் மிச்சமாயின! பருப்புக்கும் அரிசிக்கும் வாட் கிடையாது என்று அப்படியொரு சுற்றறிக்கையை நீங்களும் அனுப்பலாமே.

டர்பன்_எழுத்தர்:

நல்ல யோசனை, ஐயா. சுற்றறிக்கையின் வரைவை நிதி மேலாளரிடம் கொடுத்திருக்கிறேன். காய்கறிச் சப்ளையரைப் பழைய எண்ணில் அழைத்தபோது, தாங்கள் கணக்கு எதையும் மாற்றவில்லை என்றார்கள். அவர்களுடைய மின்னஞ்சலுக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். எங்கள் வங்கிக்கும் தெரிவித்துவிட்டோம். குளிர்பதனப் பெட்டி ஆர்டர் ஒரே ஆர்டராக இயக்குநரிடம் போயிருக்கிறது. கொள்முதல் பிரிவில் ஒருவர் என்னோடு பேசுவதில்லை. மாமாவின் கிரெடிட் நோட் வந்துவிட்டது, 29,770 ராண்ட் இந்தப் பட்டுவாடாவில் சேர்க்கப்பட்டுள்ளது.

கடைசியாக ஒரு சந்தேகம். நிலுவைப் பட்டியலில் ஓராண்டுக்கும் மேலாகக் கொடுக்கப்படாத சில இன்வாய்ஸ்கள் கிடக்கின்றன. ஏதோ பழைய தகராறு என்கிறார்கள். அவற்றை அப்படியே விட்டுவிடலாமா?

மெர்பேங்க்_கணக்கு:

விட வேண்டாம். உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்ட இன்வாய்ஸுக்கு 12 மாதங்களுக்குள் பணம் கொடுக்கவில்லை என்றால், கழித்த வரியை வாட் கணக்கில் சார்ஸுக்குத் திருப்பிச் சேர்க்க வேண்டும். பிறகு பணம் கொடுக்கும்போது மறுபடி கோரிக்கொள்ளலாம். ஆகவே முதலில் அந்த இன்வாய்ஸ்களில் வரி எந்த மாதத்தில் கோரப்பட்டது என்று பாருங்கள், பிறகு ஒவ்வொன்றுக்கும் சப்ளையரின் ஸ்டேட்மெண்டை வரவழைத்து ஒத்துப் பாருங்கள். தகராறு என்றால் அதற்குரிய கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தகராறு என்று எழுதாதீர்கள். மாதக் கடைசிக்குள் சார்ஸின் இணையச் சேவையான இ-ஃபைலிங்கில் வாட் கணக்கை அனுப்பும்முன் இதை முடித்து, பட்டியலை நிதி மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.